மூன்று முறை வந்தும் விடாத வைரஸ்: வேலூர்க் குழந்தைகள் சொன்ன கணக்கு

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்குச் சொட்டு மருந்து உருவாக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, மெக்சிகோவில் நடந்து 1996இல் வெளியான ஓர் ஆய்வு பெரும் தெம்பைக் கொடுத்தது. 200 குழந்தைகளைப் பிறந்தது முதல் இரண்டு வயது வரை கவனித்திருந்தார்கள். இரண்டு முறை ரோட்டா தொற்று கண்ட எந்தக் குழந்தைக்கும் அதன்பிறகு நடுத்தரமான அல்லது கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு வரவில்லை. அந்த இரண்டு தொற்றுகள் பேதியோடு வந்தனவா, எந்த அறிகுறியும் காட்டாமல் வந்துபோயினவா என்பதுகூடப் பொருட்டாக இல்லை. இயற்கைக்கு இரண்டு தடவை போதும் என்றால் சொட்டு மருந்துக்கும் இரண்டு மூன்று தவணை போதும் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது.

2011இல் வேலூரிலிருந்து வேறொரு கணக்கு வந்தது. இங்கே குழந்தைகளுக்குச் சராசரியாக ஆளுக்கு மூன்று தொற்று. மூன்று தொற்றுக்குப் பிறகும் நடுத்தர, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். வைரஸ் குடும்பம் அதே குடும்பம். பார்த்த முறையும் பெரும்பாலும் அதே முறை. ஆனால் வேலூர்க் குழந்தையின் குடல் மெக்சிகோக் குழந்தையின் குடலைப் போல நடந்துகொள்ளவில்லை.

இந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்தவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ககன்தீப் காங். சிம்லாவில் பிறந்தவர், அதே கல்லூரியில் மருத்துவம் படித்து, அங்கேயே குடல் தொற்றுகளை ஆராயத் தொடங்கியவர். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் என்ற செய்தி வந்தபோது, பத்திரிகைகள் விருதைப் பற்றி எழுதின; பணியைப் பற்றி எழுதியவை குறைவு. அந்தப் பணியில் எனக்கு முக்கியமாகப் படும் ஒரு கண்ணியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வேலூருக்கு இது புதிய செய்தியா?

முழுக்கப் புதியதில்லை. 1970களிலேயே அதே கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் ஒரு சங்கடமான உண்மையைக் கண்டிருந்தார். மேலை நாடுகளில் மூன்று தவணையில் குழந்தைகளுக்கு எதிர்ப்பாற்றலைத் தந்துவிட்ட போலியோ சொட்டு மருந்து, வேலூர்க் குழந்தைகள் பலருக்கு அதே மூன்று தவணையில் போதவில்லை. குளிர்பதனம் சரியில்லை, மருந்து கெட்டுவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாத அளவுக்கு அவர் கவனமாகச் சோதித்திருந்தார். வாய்வழி மருந்து குடலில் பெருகித்தான் வேலை செய்யும். அந்தக் குடலே வேறு நிலையில் இருந்தால் மருந்தின் வேலையும் மாறும். பின்னாளில் இந்தியா போலியோவை ஒழிக்க ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனையோ தவணை சொட்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, ரோட்டாவுக்கும் வாய்வழி மருந்துதான் வரப்போகிறது என்று தெரிந்தபோது வேலூரில் இருந்தவர்களுக்குக் கேள்வி தயாராகவே இருந்தது. விடைதான் இல்லை.

நலமாக இருக்கும் குழந்தையின் மலம்

ரோட்டா வைரஸை 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது தென்பட்டது. அன்றிலிருந்து இந்த வைரஸைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி மருத்துவமனைப் படுக்கையில் இருந்து வந்தது. இந்தியாவிலும் அப்படித்தான். 2005இன் இறுதியில் தொடங்கிய தேசியக் கண்காணிப்பு வலையமைப்பு, வயிற்றுப்போக்கால் அனுமதிக்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு ரோட்டா இருப்பதைக் காட்டியது. பயனுள்ள எண்தான். ஆனால் மருத்துவமனைக்கு வராத குழந்தை அந்த எண்ணில் இல்லை. வந்து படுத்த குழந்தைக்கு இது முதல் தொற்றா, நான்காவதா என்பதும் அதில் இல்லை. பகுதி தெரியும், எதில் பகுதி என்பது தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நோயில்லாத குழந்தையிடம் தொடங்குவது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகளான சின்னல்லாபுரம், கஸ்பா, ராமநாயக்கன்பாளையம் பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்தவுடன் ஆய்வில் சேர்த்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள் பல உள்ள பகுதிகள் அவை. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். பேதி வந்தபோதெல்லாம் மல மாதிரி எடுத்தார்கள். பேதி இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம். இப்படி மூன்று ஆண்டுகள்.

இந்த இரண்டு வார மாதிரியில்தான் ஆய்வின் உயிரே இருக்கிறது. ஒரு மாதிரியும் தவறாவிட்டால் ஒரு குழந்தைக்கு 78 மாதிரிகள். மூன்று ஆண்டுகளும் நிலைத்து நின்ற 373 குழந்தைகளுக்கும் சேர்த்தால் 29,000ஐத் தாண்டும். இதில் பெரும்பாலானவை ஆரோக்கியமான குழந்தையின் மலம். சோதனைச்சாலையில் அவற்றில் பெரும்பகுதி ஒன்றும் காட்டாது. ஒன்றும் காட்டாத மாதிரிக்காக, ஒன்றும் நோயில்லாத குழந்தையின் வீட்டுக் கதவை மூன்று வருடம் தட்டிக்கொண்டே இருப்பதற்கு, அந்தத் தாய்மார்களின் பொறுமையும் களப்பணியாளரின் முகராசியும் தேவை. ஆய்வுக் கட்டுரைகளில் 'தொடர்கண்காணிப்பு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இது அடங்கிப்போகிறது.

452இல் 79 பேர் இடையில் விலகிவிட்டார்கள். இதைக் குறையாகப் பார்க்கலாம். வாடகை வீடும் தினக்கூலியுமான பகுதிகளில், மூன்று ஆண்டு முடிவில் ஐந்தில் நான்கு குழந்தைகள் கையில் இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கிடைத்தது என்ன

பெரில் கிளாட்ஸ்டன் முதல் ஆசிரியராக, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான முடிவுகளின் சாரம் இது. மொத்தம் 1103 தொற்றுகள். அவற்றில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் முதல் தொற்று; மீதி எல்லாம் மறுபடி வந்தவை. 56 சதவீதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் நிறைவதற்குள் முதல் தொற்று முடிந்துவிட்டது. ஒவ்வொரு தொற்றும் அடுத்ததன் கடுமையைக் குறைத்தது உண்மை. ஆனால் மெக்சிகோவில் இரண்டு தொற்றில் கிடைத்த முழுப் பாதுகாப்பு, இங்கே மூன்றிலும் கிடைக்கவில்லை. மிகுதியாகச் சுற்றிய ஜி1பி8 வகையை எடுத்துக்கொண்டால், அந்த வகை ஒருமுறை வந்தது அதே வகை மறுபடி வருவதைக் குறிப்பாகத் தடுத்ததாகவும் தெரியவில்லை.

காரணமாகச் சொல்லத்தக்கவை பல. ஆறு மாதத்துக்குள் தொற்று வரும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலில் இன்னும் இருக்கின்றன. குழந்தையின் சொந்த எதிர்ப்பாற்றல் பழகிக்கொள்வதை அவை மழுக்கக்கூடும். நெரிசலான வீடுகளில் குழந்தைக்குள் போகும் வைரஸின் அளவே அதிகமாக இருக்கலாம். மற்ற கிருமிகள் ஓயாமல் வந்துபோகும் குடலில் உட்சுவர் தேய்ந்து, தட்டையாகி, புதிய பாடத்தைச் சரியாக ஏற்காமல் போகலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கு இந்த ஒரு ஆய்வு போதாது. அப்படிச் சொல்ல இது வடிவமைக்கப்படவும் இல்லை.

இதே குழந்தைகளிடம் இன்னொரு செய்தியும் கிடைத்தது. பிறந்த சில நாட்களில் மருத்துவமனைச் சிசுக்களைத் தொற்றும் சில ரோட்டா வகைகள் உண்டு. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் சிசுப் பிரிவில் எம்.கே. பான் குழுவினர் கண்டெடுத்த 116ஈ வகை அப்படிப்பட்டது. அது தொற்றிய சிசுக்களுக்குப் பின்னாளில் ரோட்டா பேதி குறைவாக வந்தது. அதனாலேயே அதைத் தடுப்பு மருந்தாக வளர்த்தெடுத்தார்கள். வேலூரில் சிசுக்களிடம் பரவியது ஜி10பி11 என்ற வேறு வகை. அதுவும் காக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. காக்கவில்லை. பிறந்தவுடன் அது தொற்றிய குழந்தைகளும் தொற்றாத குழந்தைகளும் பிறகு ஒரே மாதிரியாகத்தான் ரோட்டாவுக்கு ஆளானார்கள். பெங்களூரில் கிடைத்த, இதற்கு நெருங்கிய உறவான ஐ321 என்ற வகையும் மருந்தாக்கும் போட்டியில் தொடக்கக் கட்டத்திலேயே 116ஈயிடம் பின்தங்கியது. இயற்கையாகச் சாதுவாக இருக்கிறது என்பதற்காக ஒரு வைரஸ் நல்ல மருந்தாகிவிடாது என்பதை வேலூர்க் குழந்தைகள் காட்டிவிட்டார்கள்.

54 என்பது தோல்வியா?

116ஈயிலிருந்து பாரத் பயோடெக் தயாரித்த ரோட்டாவாக், டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. மூன்றில் இரண்டு பங்கினருக்கு மருந்து, ஒரு பங்கினருக்கு மருந்துபோன்ற வெறும் கரைசல். கடுமையான ரோட்டா பேதியைத் தடுத்த திறன் 53.6 சதவீதம்.

தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒப்பிட்டுப் பழகியவர்களுக்கு இந்த எண் இளைத்துத் தெரியும். அன்றைக்கு அப்படித்தான் பலரும் பேசினார்கள். பாதிக் குழந்தைகளுக்கு வேலை செய்யாத மருந்து என்று எழுதியவர்களும் உண்டு. இங்கேதான் வேலூரின் 2011 ஆய்வு கைகொடுக்கிறது. வைரஸே மூன்று முறை நேரில் வந்து கற்றுக்கொடுத்தும் 79க்கு மேல் ஏறாத ஊரில், இயல்பிலேயே பலம் குறைந்த வைரஸின் மூன்று தவணை 54ஐத் தொடுகிறது என்றால், மருந்து தன்னால் இயன்றதில் பெரும்பகுதியைச் செய்கிறது என்றுதான் பொருள். உச்சவரம்பு எது என்று தெரியாமல் எட்டியது எவ்வளவு என்று மதிப்பிட முடியாது. ஆப்பிரிக்காவின் மலாவியில் பன்னாட்டு நிறுவனத்தின் ரோட்டாரிக்ஸ் மருந்தும் ஏறத்தாழ 50 சதவீதத்தில்தான் நின்றது. பணக்கார நாடுகளில் அதே மருந்து 85ஐத் தாண்டுகிறது. குறை மருந்தின் தரத்தில் இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சதவீதத்தை விட்டு, ஆட்களை எண்ணிப் பார்க்கலாம். அந்தச் சோதனையில் மருந்து பெறாத பிரிவில் 2360 குழந்தை-ஆண்டுகளில் (ஒரு குழந்தையை ஓராண்டு கவனித்தால் ஒரு குழந்தை-ஆண்டு) 76 கடுமையான நிகழ்வுகள். பெற்ற பிரிவில் 4752 குழந்தை-ஆண்டுகளில் 71. ஓராண்டில் ஆயிரம் குழந்தைக்கு என்று மாற்றினால் 32 என்பது 15ஆகக் குறைகிறது. ஆயிரத்துக்கு 17 குழந்தைகள் தப்புகிறார்கள். ஆயிரத்துக்கு ஐந்து பேருக்கு மட்டுமே கடும் நோய் வரும் ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே 90 சதவீதத் திறனுள்ள மருந்து காப்பாற்றுவது நாலரைப் பேரை. நோய் மலிந்த இடத்தில் சுமாரான மருந்து, நோய் அருகிய இடத்தின் சிறந்த மருந்தைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில், ஆயிரத்துக்கு 17 என்பது ஒவ்வோர் ஆண்டும் மூன்று லட்சத்தைத் தாண்டும். தோராயக் கணக்குதான், ஆனால் அளவு புரிவதற்கு இது போதும். தடுப்பு மருந்துக்கு முந்தைய காலத்தில் ரோட்டாவால் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8.7 லட்சம் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்ததாகவும் 78,000 பேர் இறந்ததாகவும் வேலூர்க் குழுவினரே பங்கேற்ற ஒரு மதிப்பீடு சொல்கிறது.

கூட்ட முயன்றவை

54ஐ உயர்த்த முடியுமா என்ற முயற்சிகளில் பல வேலூரிலேயே நடந்தன. பெரும்பாலானவை ஏமாற்றம். மூன்று தவணைக்குப் பதில் ஐந்து தவணை கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை. துத்தநாகமும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் சேர்த்துக் கொடுத்தபோது சிறு முன்னேற்றம், அவ்வளவுதான். போலியோ சொட்டு மருந்துக்கு முன் அசித்ரோமைசின் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்த சோதனையில், பாக்டீரியா குறைந்தது. மருந்தின் பலன் கூடவில்லை.

சுத்தமான குடிநீர் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதே குழுவின் இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாதது. தண்ணீரால் பரவுவது என்று பெயர்பெற்றது. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீடுகளுக்குப் புட்டித் தண்ணீரும் இன்னொரு பகுதிக்கு வழக்கமான குழாய்த் தண்ணீருமாக வைத்து ஒப்பிட்டபோது, தொற்றில் வேறுபாடு தென்படவில்லை. குடிநீர் வேண்டாம் என்பதில்லை இதன் பொருள். கை, தரை, கழிப்பிடம், வீட்டின் நெரிசல் எல்லாம் அப்படியே இருக்க, தண்ணீரை மட்டும் மாற்றினால் கிருமி வேறு வழியில் வந்துவிடுகிறது.

குடல் செருகல் சர்ச்சை

ரோட்டா மருந்துகளின் வரலாற்றில் ஒரு வடு உண்டு. அமெரிக்காவில் அறிமுகமான ரோட்டாஷீல்டு என்ற முதல் மருந்து, குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் சொருகிக்கொள்ளும் ஆபத்தை உயர்த்துவதாகத் தெரிந்து 1999இல் திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவு அது. இத்தகைய அரிய விளைவு ஏழாயிரம் பேர் கொண்ட சோதனையில் தெளிவாகத் தெரிய வாய்ப்பில்லை.

ரோட்டாவாக் சோதனையில் வேலூரில் குடல் செருகல் நிகழ்வுகளின் எண்ணிக்கை கவனத்தை ஈர்த்தது. அங்கே லேசான சந்தேகத்துக்கும் அல்ட்ராசவுண்டு எடுத்தார்கள். தானாகவே சரியாகிவிடும் செருகல்களும் அதனால் பதிவாயின. மூன்று இடங்களின் தரவுகளையும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்று சில மருத்துவச் செயற்பாட்டாளர்கள் கேட்டார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஓர் இடத்தின் சிறிய எண்களைப் பிரித்துப் பார்த்தால் தவறான முடிவுக்கு வர நேரும் என்பது ஆய்வாளர்கள் தரப்பு. புள்ளியியலின்படி அது சரியான வாதம். ஆனால் பொதுப் பணமும் பொதுமக்களின் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட இடத்தில், எண்களைக் காட்டிவிட்டு அதன் வரம்பை விளக்குவது, காட்டாமல் விளக்குவதைவிட நல்லது என்பது என் கருத்து. கேட்டவர்களைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் என்று முத்திரை குத்தியதும் நியாயமில்லை.

கேள்விக்கு விடை பிறகு வந்தது. மருந்து பொதுத் திட்டத்தில் சேர்ந்தபின், பல மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளைத் தேடி, ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்து கொடுத்த சில வாரங்களையும் மற்ற வாரங்களையும் ஒப்பிட்டார்கள். குழந்தை தனக்குத்தானே ஒப்பீடாக நிற்பதால், ஏழை பணக்காரர், ஊர் நகரம் என்ற வேறுபாடுகள் கணக்கைக் குழப்பாது. 2020இல் வெளியான அந்த ஆய்வில் ரோட்டாவாக்கால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

திட்டத்தில் சேர்ந்த பிறகு

2016 மார்ச்சில் ஆந்திரம், அரியானா, இமாச்சலம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் ரோட்டா சொட்டு மருந்து இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழகம் 2017இல் தொடங்கியது. 2019 வாக்கில் நாடு முழுவதும் பரவியது. பிறகு நடந்த பன்மாநில மருத்துவமனைக் கண்காணிப்பில், வயிற்றுப்போக்கால் சேர்ந்த குழந்தைகளில் ரோட்டாவின் பங்கு சுமார் 40 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு வந்தது. களத்தில் ரோட்டாவாக்கின் திறன் 54 சதவீதம். சோதனையில் கண்டதும் களத்தில் கண்டதும் இவ்வளவு ஒட்டிவருவது அபூர்வம். பெரும்பாலான மருந்துகள் சோதனையை விட்டு வெளியே வந்ததும் சற்றுச் சறுக்கும்.

மிச்சமிருக்கும் வேலை தொடக்க மாதங்களில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை எட்டிவிடும் வைரஸுக்கு எதிராக, 14ஆம் வாரத்தில்தான் மூன்றாம் தவணை முடிகிறது. குடலைத் தவிர்த்துப் போகும் வழியாக, ஊசி வடிவிலான ஒரு ரோட்டா மருந்தை ஆப்பிரிக்காவில் சோதித்தார்கள். சொட்டு மருந்தை மிஞ்சவில்லை என்பதால் இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். மெல்போர்னின் சிசு வகையான ஆர்.வி.3 கொண்டு தயாரித்த மருந்தை இந்தோனேசியாவில் பிறந்த ஐந்து நாட்களுக்குள் தொடங்கிக் கொடுத்தபோது, ஒன்றரை வயது வரை கடும் நோயை 75 சதவீதம் தடுத்தது. பிறப்புத் தவணை வைரஸை முந்திவிடும் என்பது இதன் தர்க்கம். வேலூரின் 56 சதவீதத்தைப் பார்த்தால் இந்தத் தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஜி10பி11 சிசுக்களை நினைத்தால் எச்சரிக்கையும் வருகிறது. பிறந்த வாரத்தில் ஒரு வைரஸைச் சந்திப்பது சில இடங்களில் காக்கிறது, சில இடங்களில் காப்பதில்லை. எந்தப் பக்கம் சாயும் என்பதை, சின்னல்லாபுரம் போன்ற ஒரு தெருவில் மறுபடியும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.